நார்வேப் பண்ணையிலிருந்து பசிபிக் கரை வரை: லுத்தரன் விவசாயக் குடும்பத்தின் வேர் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

என் மருமகள் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவள். அவள் முன்னோர் நார்வேயிலிருந்து வந்த லுத்தரன் விவசாயிகள், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த கிறித்தவர்கள். நாங்களோ தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளைகள் பிறந்தபின், சம்பந்தி வீட்டு வழியைத் தேடும் வேலையை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் செய்தேன். மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

நார்வேயிலிருந்து தொடங்காதீர்கள். சம்பந்தி வீட்டுப் பரணிலிருந்து தொடங்குங்கள். குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சபைச் சடங்கு) சான்றிதழ், அடக்க ஆராதனைத் தாள், புகைப்படத்தின் பின்புறக் கிறுக்கல் என்று எதையும் விட்டுவிடக் கூடாது. வீட்டில் மூத்தவர் எவராவது உயிரோடு இருந்தால் முதல் வேலை அவரிடம் போய் உட்காருவதுதான். ஆவணம் அடுத்த ஆண்டும் இருக்கும், அவர் இருப்பார் என்று சொல்ல முடியாது.

நான் இதைச் செய்யாமல் கணினியில் பெயரைத் தட்டித் தேடினேன். விஸ்கான்சினின் டேன் மாவட்டத்தில் ஒரு லார்ஸ் ஓல்சனைப் பிடித்தேன். மனைவி பெயர் பொருந்தியது, வயதும் கிட்டத்தட்டப் பொருந்தியது. எட்டு மாதம் அவர் பின்னால் அலைந்த பிறகுதான் அவர் வேறு ஆள் என்று தெரிந்தது. நம் ஊரில் ஆறுமுகத்தின் மகன் முருகனைத் தேடுவது போன்ற காரியம் அது. அன்றிலிருந்து பெயரைத் துரத்துவதை விட்டுவிட்டு நிலத்தையும் சபையையும் துரத்துகிறேன். கீழே வரும் பதில்களில் பாதி அந்த எட்டு மாதம் கற்றுக்கொடுத்தவை.

ஒரே குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் ஏன் மாறுகிறது?

வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் தமிழருக்கு இது புரிய வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். நார்வே நாட்டுப்புறத்திலும் அதே கதை. ஊலாவின் மகன் லார்ஸ் என்றால் அவர் லார்ஸ் ஓல்சன். அவருடைய மகன் ஊலா லார்சன். மகள் ஆன்னா என்றால் ஆன்னா லார்ஸ்டாட்டர், அதாவது லார்சின் மகள். திருமணமான பிறகும் அவள் அப்பா பெயரோடுதான் இருந்தாள். நார்வேயில் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923இல்தான்.

இதற்கு மேல் பண்ணைப் பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும். நம்மவர்கள் பெயருக்கு முன் ஊரைப் போட்டுக்கொள்வதைப் போல அவர்கள் பெயருக்குப் பின் பண்ணையைப் போட்டார்கள். ஒரே ஒரு வேறுபாடு: நாம் ஊரை விட்டுப் போனாலும் ஊர்ப்பெயர் நம்மோடு வரும். அவர்கள் பண்ணை மாறினால் பெயரும் மாறிவிடும். பெண் வீட்டுப் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனவர் அந்தப் பண்ணைப் பெயரை ஏற்றுக்கொள்வார். ஆகவே ஒரே மனிதர் ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரோடும், திருமணப் பதிவில் இன்னொன்றோடும், அடக்கப் பதிவில் மூன்றாவதோடும் இருக்கலாம். அமெரிக்கா போனதும் அண்ணன் தகப்பன் பெயரை வைத்துக்கொள்ள, தம்பி பண்ணைப் பெயரை எடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. பேரன்மார் தாங்கள் உறவினர் என்பதே தெரியாமல் அடுத்தடுத்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.

பாக்கன், ஹௌகன், மோன், லீன் போன்ற பெயர்களைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சரிவு, மேடு, திறந்தவெளி, மலைச்சாய்வு என்ற பொருள் கொண்ட இந்தப் பண்ணைப் பெயர்கள் நார்வே முழுவதும் இறைந்து கிடக்கின்றன. எந்தத் திருச்சபை வட்டம் என்று தெரியாமல் இவற்றால் பயனில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது அங்கே வழக்கம். பெயரைச் சுமப்பவன் என்பதால்தானே நாம் பேரன் என்கிறோம்? பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசையில் எழுதிப் பாருங்கள், தாத்தா பாட்டிகள் தாமே எழுந்து வருவார்கள். மனைவி இறந்து மறுமணம் செய்தவர், இரண்டாம் தாரத்தின் முதல் பெண் குழந்தைக்கு முதல் மனைவியின் பெயரை வைப்பதும் அடிக்கடி நடந்தது.

எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று சம்பந்தி சொல்கிறாரே?

எல்லாச் சம்பந்திகளும் அதைத்தான் சொல்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த நிலையமான எல்லிஸ் தீவு திறந்தது 1892இல். நீங்கள் தேடும் குடும்பம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிட்டது. திறந்த பிறகும், கப்பல் ஏறிய துறைமுகத்தில் எழுதப்பட்ட பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிர, அதிகாரிகள் புதுப் பெயர் சூட்டவில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அவர்களேதான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து, அஞ்சல் தவறாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக.

ஏன் புறப்பட்டார்கள்? மதத் துன்புறுத்தலா, பசியா?

முதல் கப்பலுக்கு மதக் காரணம் இருந்தது. 1825 ஜூலை 4 அன்று ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டவ்ரேஷன் என்ற சிறு பாய்மரக் கப்பல் 52 பேரோடு புறப்பட்டது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கை அடைந்தபோது 53 பேர் இருந்தார்கள், நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர்களில் அரசுத் திருச்சபையில் சேராத குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் இருந்தார்கள். ஹான்ஸ் நீல்சன் ஹௌகே என்ற விவசாயப் பிரசங்கியாரின் வழியில் நடந்த லுத்தரன்களும் இருந்தார்கள். போதகரின் அனுமதி இல்லாமல் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தக் கூடாது என்ற 1741ஆம் ஆண்டு ஆணை 1842 வரை நடைமுறையில் இருந்தது.

ஆனால் பின்னால் வந்த லட்சக்கணக்கானோரைக் கிளப்பியது நிலம்தான். 1801இல் நார்வேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.8 லட்சம், 1865இல் 17 லட்சம். நாட்டில் உழத் தகுந்த நிலமோ நூற்றுக்கு மூன்று பங்குதான். பண்ணை மூத்த மகனுக்குப் போகும். இளையவர்கள் பிறர் பண்ணையின் ஓரத்தில் குடிசை போட்டு, அதற்கு வாடகையாக உழைப்பைக் கொடுத்து வாழும் ஹுஸ்மன் என்ற நிலைக்கு இறங்குவார்கள். நம் ஊர்ப் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1825 முதல் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் புறப்பட்டார்கள்.

மதம் என்பது புறப்படக் காரணம் என்பதைவிட, போன இடத்தில் ஒன்றாக நிற்கக் காரணம் என்று சொல்வேன்.

கப்பல் பட்டியல் கிடைக்குமா?

கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பிற நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய தன் கப்பல் போக்குவரத்துச் சட்டங்களை 1849இல் பிரிட்டன் நீக்கிய பிறகு நார்வேஜியப் பாய்மரக் கப்பல்கள் கியூபெக்குக்கு ஆட்களை ஏற்றிச் சென்று, திரும்பும்போது மரம் ஏற்றி வந்தன. கட்டணம் குறைவு என்பதால் 1850களிலும் 60களிலும் பெரும்பாலோர் அந்த வழியில்தான் வந்தார்கள். கியூபெக் பயணிகள் பட்டியல்களோ 1865லிருந்துதான் எஞ்சியிருக்கின்றன. அதற்கு முந்தையவர்களுக்கு, ஊர்ப் போதகர் தன் பதிவேட்டில் எழுதிவைத்த வெளியேறியோர் பட்டியலைப் பாருங்கள். 1860களின் இறுதியிலிருந்து நார்வேத் துறைமுகங்களில் காவல்துறை வைத்த வெளியேற்றப் பதிவேடுகளும் உண்டு.

நார்வேச் சபைப் பதிவேட்டில் என்ன இருக்கும்?

நாற்பது ஆண்டுகள் பதிவேடு புரட்டிய கண்ணால் சொல்கிறேன், இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. அங்கே சபைதான் அரசாங்கத்தின் பதிவு அலுவலகம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் ஆகியவற்றோடு வட்டத்துக்குள் வந்தவர், வெளியே போனவர் என்று எல்லாமே போதகர் கையில். பெரும்பாலான இடங்களில் சபை எழுத்தர் வைத்த இரண்டாம் படி ஒன்றும் இருக்கிறது. ஒன்று கறையான் தின்றிருந்தாலும் மற்றது காப்பாற்றும்.

இவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது திடப்படுத்தல் பதிவு. 1736இல் அரசர் எல்லோருக்கும் திடப்படுத்தலைக் கட்டாயமாக்கினார். அது நடக்காமல் திருமணம் கிடையாது. 1810க்குப் பிறகு அம்மைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயருக்கு நேரே பெற்றோர், பிறந்த இடம், வசிக்கும் பண்ணை, தடுப்பூசி விவரம் ஆகியவற்றோடு, ஞானோபதேசத்தில் பிள்ளை எவ்வளவு தேர்ச்சி என்று போதகரின் ஒரு வரியும் இருக்கும். மருமகளின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பாவைப் பற்றி ‘அறிவு சுமார், நடத்தை நன்று’ என்ற பொருளில் எழுதியிருந்தது. இப்போது அந்த வரி குடும்பத்தில் பழமொழி ஆகிவிட்டது.

நார்வே தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1801, 1865, 1875, 1900, 1910 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளையும் பெயர் சொல்லித் தேடலாம்.

எழுத்தே புரியவில்லை, பல இடங்களில் தேதியும் இல்லையே?

அது கோதிக் கையெழுத்து. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் பாருங்கள், பழகிவிடும். ஒரே போதகரின் பக்கங்களையே தொடர்ந்து படிப்பது நல்லது. பழைய பத்திரங்களில் ஒரு எழுத்தரின் கை பழகிவிட்டால் மற்றவை ஓடுவதைப் போலத்தான்.

தேதிக்குப் பதில் திருச்சபைப் பஞ்சாங்கம் இருக்கும். ‘திரித்துவத்துக்குப் பின்வரும் நான்காம் ஞாயிறு’ என்றால், அந்த ஆண்டு ஈஸ்டர் எப்போது என்று பார்த்து, அதிலிருந்து எட்டு வாரம் தள்ளித் திரித்துவ ஞாயிற்றைக் கண்டு, மேலும் நான்கு வாரம் எண்ண வேண்டும். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் லுத்தரன்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு.

நிலம் கிடைத்த பிறகும் ஏன் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள்?

ஒரு குடும்பத்துக்கு ஆறு மகன்கள், 160 ஏக்கர். இதுதான் முழுக் காரணம் இல்லை, ஆனால் முக்கால் காரணம். நார்வேயில் துரத்திய கணக்கு அமெரிக்காவிலும் விடவில்லை. இங்கே மேற்கில் நிலம் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

பாதை ஓரளவு எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் குழு நியூயார்க் மாநிலத்தின் கெண்டலில் இறங்கி, 1834 வாக்கில் இல்லினாயின் ஃபாக்ஸ் ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. 1830களின் இறுதியில் விஸ்கான்சினில் மஸ்கீகோ, அதன்பின் கொஷ்கொனாங் குடியேற்றங்கள் எழுந்தன. வந்திறங்குபவர்கள் முதலில் அங்கே உறவினர் வீட்டில் ஓரிரு ஆண்டு தங்கிக் கூலி வேலை செய்து காசு சேர்த்தார்கள். 1850களில் வடகிழக்கு அயோவாவும் தென்கிழக்கு மினசோட்டாவும் திறந்தன. தொடர்ந்து கோதுமையே விதைத்ததில் விஸ்கான்சின் மண் சளைத்தது. 1873 முதல் 1877 வரை தென்மேற்கு மினசோட்டாவை வெட்டுக்கிளி மொட்டையடித்தது. 1878 முதல் பத்தாண்டுகள் டகோட்டாவுக்குப் படையெடுப்பு. சிவப்பு ஆற்றுச் சமவெளியில் ரயில் போன திசையில் நார்வேஜியச் சபைகள் முளைத்தன. 1909இல் வறண்ட நிலத்துக்கு 320 ஏக்கர் என்று சட்டம் வந்ததும் அடுத்த தலைமுறை மொன்டானாவுக்குப் போனது. 1917இல் தொடங்கிய வறட்சி அங்கே பலரை எழ முடியாமல் அடித்தது. எங்கள் சம்பந்தி வீட்டார் அப்போதுதான் கடைசி ரயில் ஏறி, மழை பெய்யும் வாஷிங்டன் கரைக்கு வந்தார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர்கள் தனித்தனியாகப் போகவில்லை என்பதை. நார்வேயின் சோங்ன் பகுதிக்காரர் போன இடத்துக்குச் சோங்ன் பகுதிக்காரர், வால்ட்ரெஸ்காரர் இருந்த இடத்துக்கு வால்ட்ரெஸ்காரர். போதகர் இல்லாவிட்டால் கடிதம் எழுதி வரவழைப்பார்கள், ஆலயம் கட்டும் முன் வைக்கோல் கொட்டகையில் கூடுவார்கள். உங்கள் ஆள் ஒரு கணக்கெடுப்பில் காணாமல் போனால், அவருடைய பக்கத்துப் பண்ணைக்காரர் நான்கு பேரைத் தேடுங்கள். அவர்களில் இருவர் எங்கே தலைகாட்டுகிறார்களோ, பெரும்பாலும் அங்கே இவரும் இருப்பார்.

நிலப் பதிவில் எப்படித் தேடுவது?

இது என் தொழில், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவோம்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம். வாய்க்கால் தூர்ந்துவிட்டால் வழக்குதான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் அந்தத் தொல்லை இல்லை. 1785இல் தொடங்கிய அளவை முறையில் நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் 36 பிரிவுகள், ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், ஒரு குடும்பத்தின் பங்கு. மூன்று எண்களும் ஒரு திசையும் இருந்தால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் நிலம் பெற்றவர் ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்து, பயிர் செய்து, அதைச் சாட்சிகளோடு நிரூபித்தால் நிலம் அவருக்கு. முடிவில் கிடைக்கும் உரிமைப் பத்திரத்தின் பெயர் பேட்டன்ட். அது நம் பட்டா மாதிரிதான். இதன் படம் அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பலர் இதைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், அது தவறு. பேட்டன்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கோப்புதான் தங்கம். அது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பேட்டன்ட்டில் உள்ள நில எண்களைக் கொடுத்துக் கேட்க வேண்டும். வீடு எத்தனை அடி நீளம், எத்தனை சன்னல், எத்தனை ஏக்கர் உழுதார், கிணறு வெட்டினாரா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாம் அவருடைய வாக்குமூலமாகவே இருக்கும். வெளிநாட்டவர் குடியுரிமை பெற விருப்பம் தெரிவித்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதால் அந்தச் சான்றின் நகலும் கோப்பில் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பாதி நேரம் மைத்துனர்தான்.

அந்த நிலத்துக்குத் தாய்ப் பத்திரம் எது?

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டேன். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் பார்த்தே பழகியவனுக்கு, அரசாங்கம் நிலத்தை இலவசமாகக் கொடுத்தது என்றால், அரசாங்கத்துக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

தெற்கு மினசோட்டாவில் பதில் 1851இல் இருக்கிறது. அந்த ஆண்டு இரண்டு ஒப்பந்தங்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கரை விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டார்கள். தருவதாகச் சொன்ன பணம் ஒழுங்காகச் சேரவில்லை. பட்டினியும் ஆத்திரமும் சேர்ந்து 1862 ஆகஸ்டில் போராக வெடித்தது. கொல்லப்பட்ட குடியேறிகளில் ஸ்காண்டிநேவிய விவசாயக் குடும்பங்களும் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மேன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு டகோட்டா மக்களை மினசோட்டாவை விட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது. சிவப்பு ஆற்றுச் சமவெளி 1863இல் இன்னொரு பூர்வகுடியான ஓஜிப்வே மக்களிடமிருந்து ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டது.

ஹோம்ஸ்டெட் சட்டமும் அந்தத் தூக்கும் ஒரே ஆண்டு. குடும்ப வரலாறு எழுதுபவர்கள் முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நான் சம்பந்திக்கு எழுதிக் கொடுத்த ஏட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தேன். அவர் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்தை எடுக்க வேண்டாம் என்றார்.

அமெரிக்கச் சபைப் பதிவேடுகளை எங்கே தேடுவது?

அந்தச் சபை எந்தச் சினோடில், அதாவது எந்தச் சபைக் கூட்டமைப்பில், இருந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். லுத்தரன்கள் சேருவதிலும் பிரிவதிலும் சலிக்காதவர்கள், இதை நம் ஊர் அனுபவத்தில் இருந்தும் சொல்லலாம். 1880களில் தேவன் மனிதரை முன்னறிந்து தெரிந்துகொள்வது எப்படி என்ற சண்டையில் நார்வேஜிய சினோடு பிளந்தது. ஒரே கிராமச் சாலையில் எதிரெதிரே இரண்டு லுத்தரன் ஆலயங்கள் நிற்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றதிலும் இருந்திருக்கலாம், ஆகவே இரண்டையும் பாருங்கள். 1917இல் பெரும்பாலானவை ஒன்றாயின. 1960இலும் 1988இலும் நடந்த இணைப்புகளுக்குப் பின் இன்றைய அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் காப்பகத்தில் பழைய சபைப் பதிவேடுகளின் நுண்படங்கள் இருக்கின்றன. விஸ்கான்சினின் மேடிசனில் நார்வேஜிய வம்சாவழி ஆய்வுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது.

பதிவேடுகள் பெரும்பாலும் நார்வேஜிய மொழியில்தான் இருக்கும். ஆங்கிலம் நுழைந்ததில் முதல் உலகப் போருக்குப் பெரும் பங்கு உண்டு. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங், ஆலயத்தில்கூட வேற்றுமொழி பேசக் கூடாது என்று ஆணையிட்டார்.

பெண்களின் வழி பாதியில் அறுந்துவிடுகிறதே?

நார்வேயில் அறுவதில்லை, அமெரிக்காவில்தான் ‘இன்னாரின் மனைவி’ என்று முடிந்துவிடுகிறது. மூன்று இடம் பாருங்கள். ஒன்று, குழந்தைகளின் ஞானஸ்நானத்தில் ஞானப்பெற்றோர் பெயர்கள். தாயின் அக்காள் தங்கையர் அங்கே வரிசையாக நிற்பார்கள். இரண்டு, டெக்கோரா போஸ்டன் போன்ற நார்வேஜியச் செய்தித்தாள்களின் மரண அறிவிப்புகள். எந்த ஊரில் பிறந்தாள் என்பதை அவை பண்ணைவரை சொல்லும். மூன்று, குடும்பம் அயோவாவில் இருந்திருந்தால் 1925ஆம் ஆண்டு மாநிலக் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவரின் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் சம்பந்தி ஜெர்மானிய லுத்தரன்கள். இதே முறைதானா?

நிலத்துக்கு இதே முறை. அக்கரைக்குத்தான் வேறு. 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் கப்பல் பட்டியல்களில் பயணியின் கடைசி ஊர் இருக்கும், பிரேமன் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. முன்னோர் மிசூரி சினோடைச் சேர்ந்தவர்கள் என்றால் செயின்ட் லூயியில் உள்ள கன்கார்டியா வரலாற்று நிலையத்தைக் கேளுங்கள்.

இதில் தமிழருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவை அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக், டென்மார்க்குக்கு மட்டுமல்ல, நார்வேக்கும் அரசர். 1814 வரை இரண்டும் ஒரே முடியின்கீழ் இருந்தன. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை சோங்ன் மலைப் பிள்ளைகளும் எங்கள் பொறையாறு பிள்ளைகளும் ஒரே காலத்தில் மனப்பாடம் செய்தார்கள். மருமகள் முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பத்துக் கட்டளை விளக்கத்தை அவள் ஆங்கிலத்திலும் என் மனைவி தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு வரிகூடப் பிசகவில்லை.

மரபணுச் சோதனை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கடைசியில். ஒரே பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தவர்கள் என்பதால் எல்லோரும் எல்லோருக்கும் உறவாகத்தான் வரும்.

நார்வேயில் அந்தப் பண்ணை இன்னும் இருக்குமா?

பண்ணை இருக்கும். நம் சர்வே எண்ணும் உட்பிரிவும் போல அங்கே பண்ணை எண், பங்கு எண் என்று இரண்டு உண்டு, அரசின் இணைய நிலப்படத்தில் பார்க்கலாம். பல வட்டங்களுக்கு, பண்ணை பண்ணையாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லும் ஊர் நூல்களும் அச்சாகியிருக்கின்றன. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதினால் பெரும்பாலும் பதில் வரும்.

எங்கள் சம்பந்தியின் முன்னோர் பண்ணைக்குச் சொந்தக்காரர் அல்லர், ஹுஸ்மன். குடிசை இருந்த இடத்தில் பிர்ச் மரங்களுக்கு நடுவே அடித்தளக் கற்கள் மட்டும் கிடப்பதாக இப்போதைய பண்ணைக்காரர் படம் எடுத்து அனுப்பினார். எண்ணைக் கேட்டு எழுதினேன். குடிசைக்குத் தனி எண் கிடையாது, எல்லாம் பண்ணையின் எண்ணுக்குள் அடக்கம் என்று பதில் வந்தது. அங்கே ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு நிலப்பதிவில் ஒரு வரியும் இல்லை. போதகரின் ஏட்டில் ‘அறிவு சுமார்’ என்ற அந்த வரிதான் இருக்கிறது.